கேட்டதற்கு மேல் ஒரு பதில்

கலிஃபோர்னியாவின் தலைநகரம் சாக்ரமென்டோ. அங்கே சட்டமன்றக் குழுக்கள் மசோதாக்களை விசாரிக்கும் நாள்களில் வழக்கமாக ஒரு காட்சியைப் பார்க்கலாம். மசோதாவை ஆதரித்து ஓரிருவர், எதிர்த்து ஓரிருவர், தலா சில நிமிடங்கள் பேசி முடிப்பார்கள். பிறகு ஒலிவாங்கிக்கு முன்னால் வரிசை நிற்கும். வரிசையில் வருபவர்களுக்கு வாதிட நேரம் கிடையாது. பெயர், அமைப்பு, ‘ஆதரவு’ அல்லது ‘எதிர்ப்பு’ என்று சொல்லிவிட்டு, ரேஷன் கடையில் கைரேகை வைத்தவரைப் போல நகர்ந்துவிட வேண்டும். நிலத்தடி நீரில் எந்த வேதிப்பொருள் எத்தனை ஆண்டு தங்கும் என்ற கேள்விக்கு அந்த அறையில் விடை கிடைக்காது. உறுப்பினரின் கையிலுள்ள மசோதாக் குறிப்பில் அது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தக் குறிப்பை எழுதுவது யார்?

இந்தக் கேள்வியோடு தொடர்புடைய அமைப்பு ஒன்று அங்கே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இயங்குகிறது. கலிஃபோர்னியா அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சில், சுருக்கமாக சிசிஎஸ்டி. 1988இல் சட்டமன்றத் தீர்மானத்தின் வழியாகப் பிறந்தது. ஆனால் அரசுத் துறை ஆகாமல், லாப நோக்கற்ற தனி அமைப்பாக இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், கால்டெக், ஸ்டான்ஃபோர்டு போன்ற கல்வி நிலையங்களும், லாரன்ஸ் பெர்க்லி, லிவர்மோர் போன்ற தேசிய ஆய்வகங்களும் இதன் பங்காளிகள். அரசுக்கு ஒரு சந்தேகம் வந்தால் அதற்குத் தகுந்த நிபுணர்களைத் திரட்டி, ஆராய்ந்து, எழுதிக் கொடுப்பது இதன் வேலை.

அது தொடங்கி இரண்டு ஆண்டுகளில், 1990 நவம்பரில், வாக்காளர்கள் ‘முன்மொழிவு 140’க்கு ஒப்புதல் தந்தார்கள். கீழவையில் ஆறு ஆண்டு, செனட்டில் எட்டு ஆண்டு, அதற்கு மேல் ஒருவர் நீடிக்க முடியாது. நாற்காலியை விடாத பழம் பெருச்சாளிகளை வெளியேற்றுவது நோக்கம். அதே முன்மொழிவு சட்டமன்றத்தின் செலவுத் தொகையிலும் பெரிய வெட்டு போட்டது. அனுபவமிக்க ஊழியர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள். ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள் வரும் மன்றத்தில், அணைக்கட்டு விவகாரமோ மின்கட்டண விவகாரமோ உறுப்பினருக்குப் பிடிபடும் நேரத்தில் அவர் பதவிக்காலம் முடிந்துவிடும். 2012இல் விதியைத் திருத்தி, இரு அவையிலும் சேர்த்து 12 ஆண்டு என்று ஆக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கதை தெரிந்தவர்களாக மிஞ்சியவர்களுக்கு சாக்ரமென்டோவில் ஒரு பட்டப்பெயரே உண்டு: ‘மூன்றாம் அவை’. நிறுவனங்களுக்காகப் பரிந்து பேசும் லாபியிஸ்ட்டுகளுக்கு அந்தப் பெயர். அவர்களுக்குப் பதவிக்கால வரம்பு இல்லை.

சிசிஎஸ்டி செய்தவற்றில் உருப்படியானது எது என்று கேட்டால், தடித்தடியான அறிக்கைகளைவிட 2009இல் அது தொடங்கிய திட்டத்தையே சொல்வேன். முனைவர் பட்டம் பெற்ற பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டுக்குச் சட்டமன்றக் குழுக்களுக்கும் உறுப்பினர் அலுவலகங்களுக்கும் அனுப்பியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் 1973 முதல் நடந்துவரும் ஏற்பாட்டின் மாநிலப் பதிப்பு இது. ஆய்வகத்தில் மீன் செல்லையோ அணுத்துகளையோ பார்த்துக்கொண்டிருந்தவர், இங்கே வந்து மசோதாக் குறிப்பு எழுதுகிறார், மனு கொடுக்க வருபவர்களைச் சந்திக்கிறார். தன் துறையைப் பற்றி மட்டும் எழுதும் சௌகரியம் அவருக்கு இல்லை. காலையில் குடிநீர், மதியம் மின்சார வாகனம், மாலையில் பூச்சிமருந்து. ஆண்டு முடிந்ததும் சிலர் பல்கலைக்கழகத்துக்குத் திரும்புகிறார்கள். சிலர் அங்கேயே குழு ஆலோசகர்களாக வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டாவது வகையினர்தான் இத்திட்டத்தின் நிஜமான விளைச்சல் என்பது என் எண்ணம்.

இனி அறிக்கைகள். எண்ணெய்க் கிணற்றுக்குள் நீரையும் மணலையும் வேதிப்பொருள்களையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பது ஃபிராக்கிங். காவிரிப் படுகைப் போராட்டங்களின்போது நம் காதிலும் விழுந்த சொல்தான். 2013இல் கலிஃபோர்னியாவில் இதை உடனே நிறுத்தச் சொல்லிச் சூழலியலாளர்கள் நெருக்கினார்கள். செனட்டர் ஃபிரான் பேவ்லி கொண்டுவந்த எஸ்பி 4 சட்டத்தில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். (அங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதல்வர் என்று படித்துக்கொள்ள வேண்டும்.) தடை வரவில்லை, அனுமதிக்கு விதிகளும், சுயேச்சையான அறிவியல் ஆய்வும் வந்தன. ‘ஆய்வுக்கு விடுவது’ என்பது கிடப்பில் போடுவதற்கு மரியாதையான பெயர் என்று எல்லா ஊர் அரசியலுக்கும் தெரியும். அந்த ஆய்வு சிசிஎஸ்டியிடம் வந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் சேர்ந்துகொண்டது. வழிகாட்டுக் குழுவுக்கு ஜேன் லாங் தலைமை வகித்தார். 2015இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது.

அறிக்கை சொன்னது பலருக்கும் தோதாக இல்லை. மாநிலத்தின் எண்ணெய் உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் ஃபிராக்கிங் துணைபுரிந்தது. அதில் பெரும்பகுதி கெர்ன் வட்டாரத்தின் நான்கு எண்ணெய் வயல்களுக்குள் அடங்கிவிட்டது. கடும் வறட்சி நிலவிய நேரம் என்பதால், ஃபிராக்கிங் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறது என்பது பரவலான புகார். ஒருமுறை பாறையைப் பிளக்கச் செலவான நீர் சராசரியாக 5.3 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் நாற்பத்து நான்கு நடை. சிறிய அளவல்ல, ஆனால் டெக்சாஸில் ஆழ்ந்து நீளும் கிணறுகள் இதைப்போலப் பல மடங்கு குடிக்கின்றன. பயன்பட்ட வேதிப்பொருள்கள் முந்நூறுக்கு மேல்; அவற்றில் பலவற்றின் நச்சுத்தன்மை பற்றித் தரவே இருக்கவில்லை. இரு தரப்பும் தமக்கு வேண்டிய வரிகளை அடிக்கோடிட்டுக்கொண்டன.

உண்மையான சரக்கு வேறிடத்தில் இருந்தது. எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் கழிவுநீரை எங்கே விடுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் தேடிப்போனார்கள். தரையில் வெட்டிய, அடியில் பூச்சோ விரிப்போ இல்லாத குழிகள். ஒரு பகுதி ஆவியாகும், மீதி மண்ணில் இறங்கும். நம்மூர் உறிஞ்சு குழியின் பெரிய அண்ணன். ஃபிராக்கிங் செய்த கிணறுகளின் கழிவுநீரில் பாதிக்கும் மேல் இத்தகைய குழிகளுக்குப் போயிருந்தது. விவசாயம் நடக்கும் பள்ளத்தாக்கில், நிலத்தடி நீருக்கு மேலே. ஒன்று இதை நிறுத்துங்கள், அல்லது கேடான பொருள் அதில் இல்லை என்று நிரூபியுங்கள் என்றது அறிக்கை.

அதைவிடப் பெரிய விஷயத்தையும் சொன்னது. கிணற்றருகே வாழ்பவர்களுக்கு வரும் காற்று மாசும் உடல்நலக் கேடும், ஃபிராக்கிங் செய்த கிணறா செய்யாத கிணறா என்று பார்த்து வருவதில்லை. எண்ணெய் எடுப்பதோடு சேர்ந்தே வருகின்றன. சட்டம் ஃபிராக்கிங்கைப் பற்றிக் கேட்டது. விடை எண்ணெய்க் கிணற்றைப் பற்றியதாக இருந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த அறிக்கையை மதிக்கலாம்.

அதே 2015 அக்டோபரில், லாஸ் ஏஞ்சலீஸ் ஓரத்திலுள்ள அலிசோ கேன்யனில் 1953இல் தோண்டிய கிணறு ஒன்று வாயுவைக் கக்கத் தொடங்கியது. எரிவாயுச் சேமிப்புக்காகப் பின்னாளில் மாற்றப்பட்ட பழைய எண்ணெய்க் கிணறு அது. நிலத்தடிப் பாதுகாப்பு வால்வை 1979இலேயே எடுத்துவிட்டிருந்தார்கள். நான்கு மாதங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் டன் மீத்தேன் வெளியேறியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போர்ட்டர் ராஞ்ச் பகுதியை விட்டு இடம்பெயர்ந்தன. நிலத்தடிச் சேமிப்பே வேண்டுமா என்று ஆராயும் பொறுப்பு சிசிஎஸ்டிக்கு வந்தது. 2018 ஜனவரியில் வந்த பதில் மக்களுக்குக் கசந்தது: மாநிலத்தின் மின்சாரமும் குளிர்கால வெப்பமும் தடைப்படாமல் இருக்க இப்போதைக்குச் சேமிப்பு தேவை, 2020க்குள் அதற்கு மாற்று வராது. ஊரைவிட்டு ஓடிய குடும்பத்துக்கு இதில் ஆறுதல் எதுவும் இல்லை. ஆனால் ஆறுதல் சொல்ல எழுதிய அறிக்கையை யாரும் நம்பவும் மாட்டார்கள்.

ஸ்மார்ட் மீட்டர் கதை சுருக்கமானது. அதன் கதிர்வீச்சால் கேடு நிரூபணமாகவில்லை என்று 2011இல் சிசிஎஸ்டி சொன்னது. 2012இல் மாநில ஒழுங்குமுறை ஆணையம், வேண்டாதவர்கள் கட்டணம் கட்டிப் பழைய மீட்டரையே வைத்துக்கொள்ளலாம் என்றது. பயத்துக்கு அறிவியல் சான்று தேவையில்லை. கட்டணம் கட்டினால் போதும்!

குறைகளும் உண்டு. சட்டமன்றத்துக்குள் வேலை பார்க்கும் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை தரும் பணத்தின் பெரும்பகுதி தனியார் அறக்கட்டளைகளிடமிருந்து வந்திருக்கிறது. இன்டெலை நிறுவியவர்களுள் ஒருவரான கார்டன் மூரின் அறக்கட்டளை அவற்றில் முதன்மையானது. நல்ல எண்ணம்தான். ஆனால் சட்டம் இயற்றும் இடத்தில் அறிவைத் தங்கவைப்பது அரசின் சொந்தச் செலவாக இருக்க வேண்டும். கொடையாளியின் ஆர்வம் வேறு பக்கம் திரும்பினால் மேசை காலியாகிவிடும். வாஷிங்டனில் நாடாளுமன்றத்தின் பணத்திலேயே இயங்கிய தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்துக்கே 1995இல் அந்தக் கதி நேர்ந்தது. நிதியை நிறுத்தினார்கள், மூடிவிட்டார்கள். இன்னொன்று: பெரிய ஆய்வுகளில் கேள்வி பெரும்பாலும் அரசிடமிருந்தே வருகிறது. அரசு கேட்க விரும்பாததை யார் கேட்பார்கள்?

எண்ணெய்க் கிணற்றருகே வாழ்பவர்களைப் பற்றி 2015 அறிக்கையிலேயே சொல்லியாயிற்று. வீடு, பள்ளி, மருத்துவமனையிலிருந்து 3,200 அடிக்குள், அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்குள், புதிய கிணறு கூடாது என்ற எஸ்பி 1137 சட்டம் 2022 செப்டம்பரில்தான் வந்தது. அதற்கும் முன்பு இன்னொரு நிபுணர் குழுவை அமைத்து ஒருமுறை கேட்டுக்கொண்டார்கள். எண்ணெய் நிறுவனங்கள் கையெழுத்து திரட்டிப் பொதுவாக்கெடுப்பு கோரியதும் சட்டம் அமலாகாமல் நின்றது. 2024 ஜூனில் அவை கோரிக்கையைத் திரும்பப் பெற்ற பிறகே நடைமுறைக்கு வந்தது. அறிக்கை வெளியானபோது சட்டமன்றத்தில் இருந்த உறுப்பினர்கள் பலர் அதற்குள் போய்விட்டார்கள். மூன்றாம் அவை மட்டும் அப்படியே இருந்தது.