கப்பலில் வந்தவரும் படகில் வந்தவரும்

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். இலங்கை மலையகத்தில் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்றன. பேச்சுவார்த்தையில் அந்த மக்கள் ஒரு தரப்பாகவே இல்லை.

அவர்கள் நாடற்றவர்களானது 1948-இல். குடியுரிமை வேண்டுமென்றால் அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது புதிய சட்டம். காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடழித்துக் கொடுத்த குடும்பங்கள், லயன் அறையில் எந்தத் தாளைத் தேடும்? 1947 தேர்தலில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஆதரவாளர்கள், 1949-இல் வாக்குரிமையையும் இழந்தார்கள்.

ஒப்பந்தப்படி இந்தியக் கடவுச்சீட்டுடன் இராமேஸ்வரத்தில் கப்பலிறங்கியவர்கள் 'தாயகம் திரும்பியோர்' ஆனார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். அந்த வாழ்க்கையும் சுகமானதல்ல. ஆனாலும் குடிமக்கள் என்ற பெயராவது இருந்தது.

1983-இல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்தது. 1984-இல் கப்பலும் நின்றது. அதே மலையகத்திலிருந்து, அதே வம்சாவளியினர் பலர் உயிர் தப்பப் படகேறினார்கள். அவர்களுக்குக் கிடைத்த பெயர் அகதி. 2003-இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டத்தின் பார்வையில் அவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்', குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 2019 திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு வழி திறந்தது. அதில் இலங்கை இல்லை. மலையக வம்சாவளியினரின் மனுக்களைப் பரிசீலிக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி சொன்னதும் அதே ஆண்டில்தான்.

2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர்ப்பலகை மாறியது நல்லதுதான். ஆனால் முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணம் முடித்தவர்களும் இன்னும் அந்நியர்களே. 1987 ஜூலை முதல் இந்திய மண்ணில் பிறப்பது மட்டும் போதாது; பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 1948-இல் கொழும்பு கேட்டதும் அப்பன் யார் என்றுதான்.

குடியுரிமையைப் பறித்த இலங்கையே, அங்கே தங்கிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு 2003-இல் ஒரு சட்டத்தால் குடியுரிமை கொடுத்தது. 5,25,000 பேரை ஏற்பதாக 1964-இல் கையெழுத்திட்ட டெல்லி, முகாம்களில் இருக்கும் மலையகக் குடும்பங்களைத் தனியே கணக்கெடுத்து, 'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரையிலிருந்து அவர்களை விடுவிக்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவர வேண்டும்.