ஒரு நாசர் மட்டும் போதாது

லெரி நாசரைப் பற்றிப் பேசும்போது “மனித மிருகம்” என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். ஆசிரியர்களாகிய எங்களுக்கு அந்த விளக்கம் போதாது. இத்தனை வருடம் அவனுக்கு இடம் கொடுத்தவர்கள் யார்?

அவன் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் தேசிய அணியின் வைத்தியர். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் வேலை. சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளைத் துஷ்பிரயோகம் செய்தான். சில வேளை பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே.

பிள்ளைகள் வாய் திறக்கவில்லையா? திறந்தார்கள். 1997இலேயே பயிற்றுவிப்பாளரிடம் சொன்னதாக ஒரு பெண் பின்னர் நீதிமன்றத்தில் கூறினார். 2014இல் பல்கலைக்கழகம் விசாரித்து, அது வைத்திய முறைதான் என்று முடித்தது. பொலிஸ் விசாரணை முடியுமுன்பே அவன் திரும்பவும் நோயாளர்களைப் பார்த்தான். 2015இல் ஜிம்னாஸ்டிக் சங்கத்துக்குத் தெரிந்தது. எஃப்.பி.ஐ.க்குச் சொன்னார்கள், பல்கலைக்கழகத்துக்குச் சொல்லவில்லை. அவன் சத்தமில்லாமல் ஓய்வுபெற்றான். எஃப்.பி.ஐ.யும் அசையவில்லை. 2016 செப்டம்பரில் ஒரு பத்திரிகை எழுதும்வரை ஒரு வருடத்துக்கு மேல் போனது. அந்த இடைவெளியில் மட்டும் சுமார் 70 பேர் பாதிக்கப்பட்டதாக அமெரிக்க நீதித் திணைக்களத்தின் 2021 அறிக்கை சொல்கிறது.

2018இல் 156 பேரின் வாக்குமூலங்களைக் கேட்ட பிறகே 40 முதல் 175 வருடச் சிறைத்தண்டனை. நட்டஈடாகப் பல்கலைக்கழகம் மட்டும் 500 மில்லியன் டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. காப்பாற்ற நினைத்த பெயரும் மிஞ்சவில்லை.

காரணம் எளிது. முறைப்பாட்டைக் கையில் வாங்கியவர்களே, அது உண்மையானால் நட்டப்படப் போகிறவர்கள். பதக்கமும் பெயரும் அவர்களுடையது. வலியோ பிள்ளையுடையது.

“ஆதாரமில்லாமல் ஒருவர்மேல் பழி போடலாமா?” என்று கேட்பீர்கள். கூடாது. அதனால்தான் வெளியாரின் விசாரணை வேண்டும். குற்றமற்றவரின் பெயரைத் துடைப்பதும் அதுதான். நிருவாகக் குழு கூடி அமுக்கிவிடுவது பிள்ளைக்கும் அநியாயம், அவருக்கும் அநியாயம்.

எங்கள் பாடசாலைகளிலும் வலயம், மாகாணம், அகில இலங்கை என்று பிள்ளைகள் ஓடுகிறார்கள். பயிற்சிக்கும் பயணத்துக்கும் பெரியவர்களை நம்பித்தான் அனுப்புகிறோம். ஆகவே எங்கள் கோரிக்கை மூன்று.

எந்தப் பிள்ளையும் பயிற்றுவிப்பாளரோடு தனியே பயணமோ தங்கலோ கூடாது. முறைப்பாடு வந்தால் விசாரணை முடியும்வரை அவர் பிள்ளைகளிடமிருந்து விலகி நிற்க வேண்டும். முறைப்பாடு அதிபரின் மேசையோடு நிற்காமல் 1929க்குப் போக வேண்டும்.

“குமர்ப்பிள்ளை, வெளியே தெரிந்தால் மானம் போகும்” என்று யாரும் எங்களிடம் வர வேண்டாம். மானம் போவது செய்தவனுக்கும் மறைத்தவனுக்கும்தான். சொன்ன பிள்ளைக்கு அல்ல.