வசந்தகாலப் பூச்சும் மருந்துக்கடைக் குழாயும்

மார்ச் பிறந்ததும் அழகுக்குறிப்புகள் ஒரே குரலில் பேசத் தொடங்குகின்றன: குளிர்காலக் களிம்பை எடுத்து வையுங்கள், வசந்தத்திற்கேற்ற மெல்லிய பூச்சுக்கு மாறுங்கள். பனி உருகும் ஊர்களுக்கு அது பொருந்தலாம். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது நம் இலக்கண மரபு. மும்பையிலோ அம்மாதங்களில் வியர்வையே முதற்பூச்சு. ஆனி, ஆடியின் முதுவேனில் இங்கு அடைமழை. ஆக, இரு நாட்காட்டிகளும் நமக்கு உதவா.

ஆயினும் பருவம் மாறும்போது முகத்தில் இடுவதை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லதே. தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ அப்படிப் பார்த்தால், சில வீடுகளில் அகப்படுவது ஒப்பனைப் பொருளே அன்று, மருந்து. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், அவற்றோடு மொமெட்டாசோன் போன்றதொரு ஸ்டீராய்டு கலந்த சிறு குழாய். மங்குக்கென 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் கிளிக்மனும் வில்லிசும் வெளியிட்ட கலவையின் வழித்தோன்றல் இது. (ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்ததும் அதே ஆண்டுதான்.) மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் மட்டும் இடவேண்டியதை, நிறம் கூடுமென நம்பி, திருமணம் நெருங்கும் பெண்கள் மாதக்கணக்கில் இடுகின்றனர். தோல் மெலிகிறது, இரத்த நுண்குழல்கள் செங்கோடுகளாய்த் தெரிகின்றன, பருவும் முகமயிரும் தோன்றுகின்றன. நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பொங்கியெழ, அஞ்சி மீண்டும் அதையே தடவுகின்றனர். பங்குனி வெயிலில் அத்தோல் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டீராய்டுப் பூச்சுகள் 14ஐ மருந்துச்சீட்டின்றி விற்கலாகாது என 2018இல் ஒன்றிய அரசு அறிவித்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி, 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. நம் கருத்தரங்குகள் பின்னதைப் பற்றியே பேசின. அப்பெயர்மாற்றத்தின் குறியியலைப் பற்றி நானும் 40 நிமிடம் கட்டுரை வாசித்தவள்தான். முன்னதன் கதி என்னவாயிற்று என்று மருந்துக்கடை வாசலில் நின்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? விளம்பரம் எளிதில் ஆய்வுப்பொருளாகிவிடுகிறது. ரசீதின்றிக் கைமாறும் குழாய் ஆவதில்லை. இதைத் துறையின் சோம்பல் என்றே கருதுகிறேன்.

மாணவர்களுக்கு ஒன்று. இப்பருவத்திற்கெனப் புதிதாக எதையும் வாங்குமுன், வீட்டிலிருக்கும் குழாயின் பின்புறத்தைப் படியுங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்ற பெயர்களுள் ஒன்று இருப்பின், அக்காவைக் கடிந்துகொள்ள வேண்டாம். சட்டென நிறுத்தச் சொல்லவும் வேண்டாம். படிப்படியாகக் குறைக்கும் முறையைத் தோல் மருத்துவரே சொல்ல வேண்டும். தாராவிக்காரர்களுக்குச் சயான் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. போகும்போது அந்தக் குழாயையும் எடுத்துச் செல்லுங்கள்.