ஒப்பந்த இஞ்சினீயர்களும் ஓசூர் முதலாளிகளும்

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் வட்டாரம் இன்று தமிழ்நாட்டுக் கைத்தொழிலின் தலைவாசல்களில் ஒன்று. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் முதலிய பெரிய கம்பெனிகள் 1980-களில் அங்கே வேரூன்றின. 2004-இல் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. 2021-இல் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர்த் தொழிற்சாலை எழுந்தது. இவ்வளவு அபிவிருத்தியைக் கண்டு மகிழும் நாம், இவ்வகைத் தொழிற்சாலைகளின் யந்திரங்களை நிறுவி, ஓட்டி, பழுது பார்க்கும் இளைஞர்களின் நிலைமை யாதென்றும் விசாரித்தல் கடமையாகும்.

தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் இஞ்சினீயர்கள் அனைவரும் தாம் நுழையும் தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலில் இருப்பவரல்லர். பலருக்குச் சம்பளம் ஒரு காண்டிராக்டர் மூலம் வருகிறது. அந்தக் காண்டிராக்டரின் ஆபீஸ் பெங்களூரில் இருக்கலாம், வேலையோ ஓசூரில். உத்தரவிடுபவர் ஒருவர், சம்பளம் தருபவர் மற்றொருவர். விபத்தோ, சம்பளப் பாக்கியோ, வேலை நீக்கமோ நேரும்போது இருவரும் ஒருவரையொருவர் சுட்டிக் காட்டினால், நடுவில் நிற்கும் இளைஞன் யாரைத் தன் எஜமானென்று சொல்லுவான்?

ஒப்பந்த முறையே தீயதென்பது நமது கருத்தன்று. புதிய உற்பத்தி வரிசை ஒன்றை நிறுவுவதற்குச் சில மாதங்களே செல்லும். அவ்வேலை முடிந்ததும் அதற்கென வந்தவர் வேறிடம் செல்லுவது இயல்பு. அத்தகைய வேலைக்கு ஒப்பந்தம் பொருந்தும். ஊதியமும் அதற்கேற்ப உயர்ந்திருத்தல் நியாயம். ஆனால் யந்திரப் பராமரிப்பும் தரப் பரிசோதனையும் தொழிற்சாலை உள்ளளவும் ஓயாத வேலைகள். ஓயாத வேலைக்கு ஓய்ந்துபோகும் ஒப்பந்தம் எழுதுவது, வீட்டுக்குச் சொந்தக்காரன் தன் வீட்டுத் தூணையே வாடகைக்கு எடுப்பதை ஒக்கும்.

இதில் நஷ்டம் இளைஞனுக்கு மாத்திரமென்று முதலாளிகள் எண்ணவேண்டாம். ஒரு யந்திரம் எந்தச் சூட்டில் தடுமாறும், எந்த உதிரிப் பாகம் முன்னதாகத் தேயும், சென்ற வருஷம் நின்றுபோனபோது எவ்விதம் சரிசெய்யப்பட்டது என்னும் விவரங்கள் பெரும்பாலும் காகிதத்தில் இல்லை. வேலை செய்தவன் மனத்தில் இருக்கின்றன. அவன் போகும்போது அவையும் போகின்றன. காண்டிராக்டருடைய மாதாந்தர பில்லில் மீதமாகும் சில ஆயிரம் ரூபாயை இலாபமென்று கணக்கிடுபவர், யந்திரம் ஒரு பகல் நின்றால் ஏற்படும் நஷ்டத்தையும் எதிர்ப்பக்கத்தில் எழுதவேண்டும். ஆகவே பழுதுக் குறிப்புகளையும் யந்திரக் கட்டளை நிரல்களின் பிரதிகளையும் தொழிற்சாலையே ஒழுங்காக வைத்துக்கொள்ளல், ஒப்பந்த இஞ்சினீயருக்கும் பயிற்சியளித்தல், நிரந்தர வேலைக்கு ஆளெடுக்கும்போது அவரை முதலில் கருதுதல் ஆகிய மூன்றும் தர்மமல்ல, சுயநலமே.

இனி, சட்டத்தின் நிலைமையைப் பார்ப்போம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஊழியர் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்கவேண்டுமென்று விதிக்கின்றன. காண்டிராக்டர் சம்பளம் கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளி கொடுக்கக் கடமைப்பட்டவர். ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால், அவர் செய்த வேலையின் விவரத்துடன் அனுபவச் சான்று கொடுப்பது காண்டிராக்டரின் கடமை. மூல உற்பத்தி வேலைக்கு ஒப்பந்த ஆட்களை அமர்த்துவது, சில விலக்குகளைத் தவிர, தடுக்கப்பட்டிருக்கிறது. எனினும், 1970-ஆம் வருஷத்து மத்திய சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடத்திலேயே பாதுகாப்பளித்தது. புதிய தொகுப்பிலோ அவ்வெண் 50 ஆகிவிட்டது. சிறிய பட்டறைகளில் உழைப்போரை இது வெளியே நிறுத்துகிறதென்பதை நாம் கண்டிக்கிறோம்.

"இஞ்சினீயர் தொழிலாளியாவாரா?" என்று கேட்போர் உண்டு. தொழில்நுட்ப வேலை செய்பவரும் தொழிலாளியே என்பது சட்டம். நிர்வாக அதிகாரம் உடையவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளரும் விலக்கப்படுகின்றனர். ஆனால் பதவியின் பெயரன்று, செய்யும் வேலையே அளவுகோலென்று நீதிமன்றங்கள் பலகாலும் கூறியுள்ளன. கையில் கருவியுடன் நிற்பவருக்கு "மானேஜர்" என்று பட்டம் சூட்டுவதால் அவருடைய உரிமை போய்விடாது.

ஆதலால் நமது இளைஞர்களுக்குச் சொல்லுவோம்: நிலைக்கால நியமனமும் காண்டிராக்டர் மூலம் வரும் வேலையும் ஒன்றல்ல. முன்னதில் தொழிற்சாலையே எஜமான். நிரந்தர ஊழியருக்குள்ள சலுகைகளும், ஐந்து வருஷம் நிறையாவிடினும் காலத்துக்கேற்ற பணிக்கொடையும் உண்டு. எது உங்களுடையதென்று கையெழுத்திடுமுன் கேளுங்கள். வருங்கால வைப்புநிதிக் கணக்கில் பணம் சேர்கிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படையாதீர்கள். செய்த வேலையை நாள்தோறும் குறித்துவையுங்கள். ஆனால் முதலாளியின் வரைபடங்களையும் இரகசியங்களையும் எடுத்துச் செல்லாதீர்கள். வேலை முடிந்த பின் வேறிடம் சேரக்கூடாதென்னும் தடை, 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது.

1981-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டமொன்று, 24 மாதங்களில் 480 நாட்கள் இடையறாது பணிபுரிந்த தொழிலாளிக்கு நிரந்தர உரிமை அளிக்கிறது. ஆனால் ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் ஒப்பந்தத் தொழிலாளர் தாமாகவே முதன்மை முதலாளியின் ஊழியராகிவிடார் என்றும், ஒப்பந்தம் வெறும் போலியென்று நிரூபிக்கப்பட்டால் மாத்திரமே அவ்வுரிமை பிறக்குமென்றும் 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு மன்றத்தில் நிரூபிப்பதற்குத் தஸ்தாவேஜு வேண்டும். தஸ்தாவேஜு இல்லாதவனுக்கு உரிமையிருந்தும் பயனில்லை.

காண்டிராக்டர் பெங்களூரில் இருப்பினும், வேலை நடக்கும் தனியார் தொழிற்சாலை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்குமாயின் அதை விசாரிக்கும் பொறுப்பு தமிழ்நாட்டு சர்க்காருடையது. எல்லைக்கு அப்பால் உள்ள விலாசத்தைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க எவரையும் விடலாகாது. தொழிலாளர் இலாகா தொழிற்பேட்டைகளுக்கு நேரில் சென்று நியமனக் கடிதங்களையும் அனுபவச் சான்றுகளையும் பரிசோதிக்கட்டும். தொழிற்சங்கங்களும், படித்தவனென்று இஞ்சினீயரை ஒதுக்காமல், அவனையும் தமது அணியில் சேர்த்துக்கொள்ளட்டும். யந்திரத்தைப் பணங்கொடுத்து எந்த நாட்டிலிருந்தும் வாங்கலாம். அதை அறிந்த மனிதனை வருஷக்கணக்கில் வளர்த்தே பெறவேண்டும்.