உரத்த குரலும் ஒரே வரிசையும்

தைப்பூசத் திருநாள் நெருங்கிவிட்டது. பத்துமலையிலும், பினாங்குத் தண்ணீர்மலையிலும், ஈப்போ கல்லுமலையிலும் வேலவன் திருநாமம் விண்ணெட்ட ஒலிக்கப் போகிறது. பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் இவ்விழா நடைபெற்று வருகிறது. அன்று முதல் இன்று வரை காவடிகள் பெருகின. தண்ணீர்ப் பந்தல்கள் பெருகின. அன்னதான உபயங்கள் பெருகின. அவற்றோடு சேர்ந்து நம்மவரிடையே கருத்து வேறுபாடுகளும் பெருகியிருப்பதை மறுப்பதற்கில்லை.

விழாக் காலம் வந்தால் ஆலயச் செயலாளர்களாகிய எங்களிடம் இருவகை முறையீடுகள் வரும். "காவடிகளில் சமயத்துக்குப் பொருந்தாத அலங்காரங்கள் மிகுந்துவிட்டன. உருமி மேளத்தோடு சினிமாப் பாட்டும் கேட்கிறது. நிர்வாகம் ஏன் வாய் திறப்பதில்லை?" என்பது ஒன்று. "பக்தி அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. ஆலய வாசலில் நின்றுகொண்டு வருவோர் போவோருக்கெல்லாம் பாடம் நடத்தும் ஆர்வலர்களை அடக்கி வையுங்கள்" என்பது மற்றொன்று. சில வேளைகளில் இரண்டும் ஒரே நாளில், ஒரே பந்தலின் கீழ் வந்து சேரும்.

சமயப் பற்றை வெளிப்படையாகப் பேசுவோரை நாம் எவ்வாறு நடத்த வேண்டும் என்னும் கேள்வி இதில் அடங்கியுள்ளது. இக்கேள்விக்கு நானே ஒருமுறை தவறான விடையைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதியவன் என்பதால், இதைப் பற்றிச் சில சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆடி வெள்ளியன்று, எங்கள் ஆலயத்தின் முனீஸ்வரர் சந்நிதிக்கு ஒரு பாட்டியம்மா சேவலொன்றைக் கொண்டுவந்தார். அப்போது எங்கள் திருமுறை வகுப்பில் முன்னணியில் நின்ற இளைஞர் ஒருவர் வாசலிலேயே அவரை மறித்தார். "உயிர்ப்பலி சைவத்துக்கு அடுக்காது. உங்களைப் போன்றவர்களால்தான் பிற சமயத்தவர் நம்மை இகழ்கிறார்கள்" என்று பலர் முன்னிலையில் உரக்கக் கூறினார். பாட்டியம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிச் சென்றார்.

மறுவாரம் நிர்வாகக் கூட்டம் கூடியது. அந்த இளைஞர் இனி ஆலய வளாகத்தில் சமய விளக்கம் எதுவும் பேசக் கூடாதென்று முடிவாயிற்று. அவரும் வருவதை நிறுத்திக் கொண்டார். பாட்டியம்மாவும் வரவில்லை. வாசல் அமைதியானது. "பிரச்சினை தீர்ந்தது" என்று குறிப்பேட்டில் நான் எழுதினேன். ஆலயம் இரண்டு அடியார்களை இழந்த செய்தியைத்தான் அப்படி எழுதினேன் என்பது எனக்குப் பின்னரே விளங்கியது.

சமய ஆர்வலர்களைக் கண்டு முகஞ்சுளிப்பவர்கள் பக்தியற்றவர்கள் என்று கருதிவிடக் கூடாது. பல சமயத்தவர் கலந்து வாழும் நாடு இது. உரத்த பேச்சு எங்கே வம்பில் முடியுமோ என்னும் அச்சம் நியாயமானதே. வேண்டுதலைச் சுமந்து வருபவரின் மனம் மெல்லியது. அந்த நேரத்தில் அதைப் புண்படுத்துவது பாவம் என்று அவர்கள் எண்ணுவதும் சரியே.

ஆயினும் அவர்களிடம் ஒரு குறையும் உண்டு. வேலைக்குப் புறப்படும் முன் நெற்றித் திருநீற்றை அழித்துவிட்டுச் செல்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால், அழிக்காமல் செல்பவரைச் "சாமியார் வருகிறார்" என்று கேலி பேசுவதும் நம்மவர்தாமே? பிறர் நம்மை ஏளனம் செய்தால் கொதிக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை தேவாரம் பாடக் கற்றுக்கொண்டு வந்தால், "படிப்பைப் பார், இதெல்லாம் வயதான பின் போதும்" என்கிறோம். இதற்குச் சகிப்புத்தன்மை என்று பெயர் சூட்டுவது பொருந்துமா?

மறுபுறம், ஆர்வலர்களிடமும் ஒரு குறை உண்டு. பற்று மிகுந்தவர் தம்முடைய பற்றையே அளவுகோலாக்கி எல்லாரையும் அளக்கத் தொடங்கிவிடுகிறார். வகுப்பில் நான்கு ஆண்டுகள் கற்றதை, வகுப்பையே காணாத ஒருவர் ஒரு நொடியில் ஏற்க வேண்டுமென எதிர்பார்க்கிறார். சொல்வது மெய்யாயினும், சொல்லும் இடமும் சொல்லும் முறையும் அதைப் பொய்யினும் கொடியதாக ஆக்கிவிடக் கூடும்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். பெரிய புராணத்தில் ஏயர்கோன் கலிக்காம நாயனாரின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சுந்தரர் சிவபெருமானையே தூது அனுப்பினார் என்று கேள்வியுற்றதும் கலிக்காமர் கொதித்தெழுந்தார். ஆண்டவனை ஏவல் கொண்டவனும் ஓர் அடியானா என்பது அவருடைய சினம். இறைவன் அவருக்குச் சூலை நோயைக் கொடுத்து, அதைத் தீர்க்கச் சுந்தரரையே அனுப்பி வைத்தார். அவர் கையால் நலம் பெறுவதைக் காட்டிலும் மாள்வதே மேல் என்று கலிக்காமர் தம் வயிற்றை வாளால் கிழித்துக் கொண்டார். வந்து கண்ட சுந்தரரும் அதே வாளை எடுத்துத் தம் உயிரைப் போக்க முனைந்தார். இறையருளால் உயிர் பெற்றெழுந்த கலிக்காமர் அவரைத் தடுத்தார். அன்று முதல் இருவரும் நண்பராயினர்.

இந்த வரலாற்றில் இறைவன் யார் பக்கம் நின்றார்? பற்றின் மிகுதியால் சினந்தவரைத் தள்ளிவிடவில்லை. சினத்துக்கு ஆளானவரையும் கைவிடவில்லை. இருவரையும் நேருக்கு நேர் சந்திக்க வைத்தார். சுந்தரர் தாம் பாடிய திருத்தொண்டத் தொகையில் கலிக்காமரையும் தம் வணக்கத்துக்குரிய அடியார்களுள் வைத்தார். இன்று நம் ஆலயங்களில் அறுபத்து மூவர் திருவுருவங்களுக்குத் தீபாராதனை காட்டும்போது, சினந்தவருக்கும் சினக்கப்பட்டவருக்கும் ஒரே வரிசையில், ஒரே தட்டால் தீபம் காட்டுகிறோம். அந்த வரிசையில் இடம் இருக்கும்போது, நம் ஆலய மண்டபத்தில் மட்டும் இடம் இல்லாமல் போகுமா?

புராண காலம் இருக்கட்டும். அண்மைக் காலத்துக்கு வருவோம். தைப்பூசத்தன்று வடலூரில் ஜோதி தரிசனம் நடைபெறுவதை நாமறிவோம். அங்கே சத்திய ஞான சபையை நிறுவிய வள்ளலார் இராமலிங்க அடிகளும், யாழ்ப்பாணத்து நல்லூரில் தோன்றிய ஆறுமுக நாவலரும் ஒரே காலத்தவர்கள். நாவலர் 1822இல் பிறந்தார். வள்ளலார் 1823இல் பிறந்தார். 1867ஆம் ஆண்டு திருவருட்பா அச்சேறியபோது, மனிதர் பாடியதைத் திருமுறைக்கு நிகராக வைப்பதா என்று நாவலர் வெளிப்படையாக எதிர்த்தார். அருட்பா, மருட்பா என்று எழுந்த அந்தப் பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது.

இருவருமே வாய்மூடி இருந்தவர்கள் அல்லர். வள்ளலார் சாதி சமய வேற்றுமைகளைக் கடிந்து பேசினார். நாவலரோ, தம் சொந்த ஊர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆகமத்துக்கு மாறான செயல்கள் நடப்பதாக அச்சிட்டுப் பரப்பிக் கண்டித்தவர். ஊரார் முகம் கோணுமே என்று அவர் அஞ்சவில்லை.

ஆனால் அவர்களுடைய வாழ்வில் வேறொன்றையும் நாம் காண வேண்டும். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவர்க்குச் சோறிடுகிறது. நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிப் பிள்ளைகளுக்குக் கல்வி தந்தார். அச்சகம் வைத்து நூல்களைப் பதிப்பித்தார். யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது கஞ்சித் தொட்டி அமைத்துப் பசி தீர்த்தார். கொள்கையில் எதிரெதிராக நின்ற இருவரும், பசித்தவன் முன்னே ஒரே வேலையைச் செய்தார்கள். நம் நாட்டு ஆலயங்களில் இன்று அருட்பா பாடுவோரும் உள்ளனர். நாவலர் வழியில் நின்று சைவ வினாவிடை கற்பித்தோரின் பிள்ளைகளும் உள்ளனர். இரு சாராரும் ஒரே பந்தியில் அமர்ந்து அன்னதானம் உண்கின்றனர்.

நம் மண்ணிலும் உரத்த குரல்கள் எழுந்ததுண்டு. பெரியார் ஈ.வெ.ரா. 1929ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவுக்கு வந்து சென்ற பின், சீர்திருத்தப் பேச்சு எங்கும் பரவியது. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அலகு குத்துவதையும் தீமிதிப்பதையும் சீர்திருத்தக்காரர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். பக்தர்கள் மனம் வருந்தினார்கள். காவடி நின்றுவிடவில்லை, இன்றும் தோளில் இருக்கிறது. ஆயினும் ஏன் காவடி எடுக்கிறோம், எப்படி விரதம் இருக்க வேண்டும் என்று நாம் சிந்திப்பதற்கும், பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதற்கும் அக்கேள்விகளும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன். கேட்பாரே இல்லாத இடத்தில் பழக்கம் மட்டுமே எஞ்சும், பொருள் மறைந்துபோகும்.

ஆகவே, பேசுபவரை அளக்க நான் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறேன். அவர் பிறரிடம் கேட்பதைத் தாம் சுமக்கிறாரா? விரதத்தைப் பற்றி முழங்குபவர் விரதம் இருக்கிறாரா? தூய்மையைப் பற்றிப் பேசுபவர் விழா முடிந்த மறுநாள் காலையில் துடைப்பத்தோடு வருகிறாரா? வருவாராயின், அவர் குரல் சற்று உரத்திருந்தாலும் பொறுத்துக் கேட்பது நம் கடமை. வரமாட்டாராயின், அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அது வெறும் பேச்சே.

அதே அளவுகோலை நிர்வாகத்தினராகிய நாங்களும் எங்கள் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். அமைதி, ஒற்றுமை என்று நாங்கள் சொல்லும்போது, உண்மையில் எங்கள் வசதியைத்தான் காக்கிறோமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கணக்கைக் கேட்பவரும், பூசை நேரம் தவறுவதைச் சுட்டுபவரும், ஓதுவார் இல்லாததைக் குறை கூறுபவரும் தொல்லை தருபவர்களாகவே நமக்குத் தோன்றுகிறார்கள். அவர்களும் போய்விட்டால், ஆலயத்தைப் பற்றிக் கவலைப்பட எவர்தாம் மிஞ்சுவர்?

செயல்முறையில் மூன்றைப் பரிந்துரைக்கிறேன். வேண்டுதலோடு வருபவரை வாசலில் எவரும் மறித்துத் திருத்த முற்படலாகாது. காவடியோ பால்குடமோ சுமந்திருப்பவரிடம் அன்று சொல்ல வேண்டியது ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்பது மட்டுமே. அடுத்து, பேச விரும்புவோருக்கு மண்டபத்தில் நாளும் நேரமும் ஒதுக்கித் தர வேண்டும். மாற்றுக் கருத்துடையவரும் அங்கே எழுந்து பேச இடமளிக்க வேண்டும். மூன்றாவதாக, எழுத்தில் வரும் குறைகளுக்கு நிர்வாகம் எழுத்திலேயே விடையளிக்க வேண்டும்; அலமாரியில் பூட்டி வைக்கலாகாது.

அந்தப் பாட்டியம்மாவின் கதையை முடித்து விடுகிறேன். பல மாதங்கள் கழித்து அந்த இளைஞரை அழைத்துக்கொண்டு பாட்டியம்மாவின் வீட்டுக்குச் சென்றேன். அவர் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் முனீஸ்வரர் சிறு கோயில் கொண்டிருந்தார். நிலம் கைமாறியபோது கோயில் போயிற்று. சிலை எங்கள் ஆலயத்துக்கு வந்தது. சிலைக்குப் பின்னாலேயே பாட்டியம்மாவும் வந்திருக்கிறார். ஆண்டுக்கொரு சேவல் என்பது அவருடைய மாமனார் காலத்து நேர்த்தி. "சாமி இடம் மாறிடுச்சு, கடன் மாறலையே தம்பி" என்றார்.

அந்த இளைஞர் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "பாட்டி, உயிர்ப்பலி தவறென்று நான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால், அதை வாசலில் வைத்து உங்களிடம் சொன்னது அதைவிடத் தவறு" என்றார். பாட்டியம்மா அவருக்குத் திருநீறு பூசிவிட்டார். அடுத்த ஆடியில் சேவலுக்குப் பதிலாகப் பொங்கல் பானையோடு வந்தார். மனம் மாறி வந்தாரா, அந்தப் பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று வந்தாரா என்று நான் கேட்கவில்லை. அடுப்புக்கு விறகு எடுத்துக் கொடுத்தவர் அந்த இளைஞர்தாம். அவர் இப்போது மண்டபத்தில் மாதம் ஒருமுறை பேசுகிறார். குரல் இன்னும் உரத்ததாகவே இருக்கிறது.

வரும் தைப்பூசத்தில் உரக்கப் பேசுபவரும், பேசாமல் கண்ணீர் மல்க நிற்பவரும் ஒரே வரிசையில் நின்று வேலவனைத் தரிசிக்கப் போகிறோம். முன்னால் நிற்பவரை விலக்காமலும், பின்னால் நிற்பவரைத் தள்ளாமலும் நடந்துகொள்ளும் நல்லறிவை முருகப் பெருமான் நம் அனைவருக்கும் அருளுமாறு வேண்டி நிற்கிறேன்.

வேலும் மயிலும் துணை.