ஈர மணலையாவது விட்டுவையுங்கள்

மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் எங்கள் ஊர் மடவார் வளாகத்தில் யாரானாலும் முதலில் கேட்பது, "தண்ணி விழுதா?" என்பதுதான். பங்குனி மாதத்தில் மீன்வெட்டிப் பாறை அருவியில் தண்ணீர் எங்கே விழும்? இல்லை என்றதும், "பெறகு என்னத்தப் பாக்கப் போனீங்க?" என்பார்கள். பட்டாம்பூச்சி பார்க்க, காட்டுப் பூ பார்க்க என்று சொன்னால் அதற்குமேல் பேச்சு வளராது. "பூச்சியப் பாக்கவா இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டுவிட்டு, கடையில் பால்கோவா விலை ஏறிய கதைக்குப் போய்விடுவார்கள். இது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் தண்ணீர் விழாத மாதத்திலும் மலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் செய்வது மட்டும் எனக்குப் பழகவே மாட்டேன் என்கிறது.

மலை எங்களுக்குத் தள்ளி இல்லை. வைத்தியநாத சுவாமி கோயில் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் போதும், நீலமாக நீண்டு கிடக்கும். சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயம் ஆனது. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், நாட்டிலேயே 51-ஆவது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். எங்கிருந்தெல்லாமோ ஆராய்ச்சிக்கு வருகிறார்கள். ஊர்க்காரர்களான எங்களுக்கோ மலை என்றால் மூன்றே மூன்றுதான்: குளிக்க அருவி, கும்பிடக் கோயில், அடுப்பு மூட்டிச் சாப்பிட ஒரு நிழல். கும்பிடுவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. மலையில் கோயில் கொண்ட காட்டழகரை நானும் கும்பிடுகிறேன். ராஜபாளையத்துக்காரர்கள் அய்யனார் கோவிலுக்குப் போவதையும், தாணிப்பாறை வழியாகச் சனம் சதுரகிரிக்கு ஏறுவதையும் யார் குறை சொல்ல முடியும்? அந்த மூன்றுக்கும் அப்பால் அங்கே ஏதோ இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் போய்விட்டதே, அதுதான் வயிற்றெரிச்சல்.

இளவேனில் என்றதும் பச்சைப் புல்வெளியை எதிர்பார்த்து எங்கள் மலைக்கு வரக்கூடாது. எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். அதன் பச்சை தை வரைக்கும் தாங்கும். மாசி பிறந்தால் புல் வைக்கோலாகிவிடும். ஆனால் மரங்களுக்கு அப்போதுதான் பூக்கும் காலம். இலையெல்லாம் உதிர்த்துவிட்டு இலவமரம் சிவப்பாக நின்று முடிந்திருக்கும். புங்கமரம் பளபளவென்று தளிர்விட்டு, அடியில் பூவைப் பொரி பொரியாக உதிர்த்திருக்கும். சித்திரை நெருங்கினால் சரக்கொன்றை. பாதையோரம் ஆவாரை, எருக்கு. ஈரம் இருக்கிற இடத்தில் மட்டும் தரையோடு தரையாக நீல விஷ்ணுகிரந்தியும், காலில் மிதிபடும் வெட்டுக்காயப் பூண்டும். வெட்டுக்காயப் பூண்டின் பூ சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. அந்தப் பூவில்தான் வெயில் ஏற ஏற எத்தனை இறக்கைகள் வந்து உட்காரும் தெரியுமா!

ஒவ்வொரு செடிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பூவில் தேன் குடிப்பது வளர்ந்த பட்டாம்பூச்சி. அதன் புழுவுக்குத் தேன் எதற்கு, இலை வேண்டும். அதுவும் தனக்கென்று உள்ள செடியின் இலை. எருக்கு இலையைத் தின்று வளர்வது வெந்தய வரியன். கொன்றைத் தளிரில் முட்டையிடுவது மஞ்சளும் வெள்ளையுமான பட்டாம்பூச்சிக் கூட்டம். ஈஸ்வரமூலிக் கொடி இருந்தால்தான் பொன்னழகி உண்டு. கறுப்பு முன்னிறக்கையும் தங்க மஞ்சள் பின்னிறக்கையுமாக, விரித்தால் ஒரு சாண் வரும் பட்டாம்பூச்சி அது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதை ஒட்டிய தென்னிந்தியப் பகுதிகளுக்கும் மட்டுமே சொந்தம். மாந்தோப்புக்கு மேலே அது நிதானமாகப் பறந்து போவதைப் பார்த்த ஒருவர், "குருவி போகுது" என்று மகனிடம் சொன்னார். நான் குறுக்கே பேசிப் பெயரைச் சொன்னேன். பையன் திரும்பினான். அப்பாவுக்குக் கைப்பேசியில் அழைப்பு வந்துவிட்டது.

நான் புலம்ப வந்தது ஈர மணலைப் பற்றி.

பங்குனியில் செண்பகத்தோப்புப் பக்கத்துப் பேயனாறு ஓடை முழுதாக ஓடாது. பாறைக்கு அடியில் கசிந்து, அங்கங்கே குட்டையாகத் தேங்கும். அந்தக் குட்டையின் ஓரத்தில் இரண்டு கை அகலத்துக்கு மணல் நனைந்திருக்கும். மொத்த அடிவாரத்திலும் அந்த மாதத்தில் ஈரம் அவ்வளவுதான். காலை ஒன்பது, பத்து மணி வெயிலுக்குப் பட்டாம்பூச்சிகள் அங்கேதான் இறங்கும். பூந்தேனில் இனிப்பு உண்டு, உப்பு கிடையாது. அந்த உப்பை ஈர மண்ணிலிருந்து உறிஞ்ச வேண்டும். பெரும்பாலும் ஆண்கள்தான் வரும். உறிஞ்சிய உப்பைக் கூடும்போது பெண்ணுக்குக் கொடுக்கும், அது முட்டைக்குப் போகும். அந்த இரண்டு கை மணலில் அடுத்த தலைமுறையே இருக்கிறது. இறக்கையை மூடிக்கொண்டு நெருக்கமாக உட்கார்ந்திருக்கும்போது உதிர்ந்த சருகு என்றுதான் தோன்றும். காலடி பட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பும். அதைப் பார்க்கத்தான் நான் அந்த வெயிலில் நடந்து போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த இரண்டு கை மணலில்தான் எல்லாமே நடக்கிறது. அண்டாவைக் கழுவுவது அங்கே. பிரியாணி எண்ணெயைக் கொட்டுவது அங்கே. குட்டையில் இறங்கி நுரை பொங்கத் தலைக்குத் தேய்த்துக்கொண்டு, ஷாம்புப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து அங்கேயே போடுகிறார்கள். எண்ணெய்ப் படலம் மினுங்கும் தண்ணீரோரத்தில் ஒரு பட்டாம்பூச்சி இறங்கி நான் பார்த்ததில்லை. சுற்றி வட்டமடிக்கும், போய்விடும். போவதற்கு வேறு ஈரம் எங்கே இருக்கிறது? பாட்டிலைப் பாறையில் அடித்து உடைப்பதில் என்ன இன்பம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. செருப்பில்லாமல் தேனெடுக்கப் போகும் பளியர் பழங்குடிகளின் காலில் ஏறுவதும் அந்தக் கண்ணாடிதான். அய்யனார் கோவில் பக்கமும் இதே கூத்துதான். அங்கே ஓடும் ஆற்றுத் தண்ணீர்தான் கீழே ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குப் போய் ராஜபாளையத்துக்குக் குடிநீராகிறது. தாங்கள் குடிக்கிற தண்ணீரில் தாங்களே சோப்பைக் கரைக்கிறவர்களிடம் பூச்சிக்காக எப்படி மன்றாடுவது?

மன்றாடியும் பார்த்தேன். கொஞ்சம் தள்ளிப் பாறையில் வைத்துக் கழுவுங்கள், தண்ணீரை மொண்டு கொண்டு போங்கள் என்று சொன்னேன். "ஆத்தங்கரைய நீங்க வெலைக்கு வாங்கிட்டீங்களா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். உடன் வந்த அக்கா ஒருவர், "ஏய், சும்மா இருப்பா" என்று அவரை அடக்கிவிட்டு, என்னிடம், "எல்லாரும்தான கழுவுறாக, எங்கள மட்டும் சொல்லுதீங்களே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. எல்லாரும்தான் கழுவுகிறார்கள். அதுதானே என் ஆதங்கம்!

இதற்கு மேல் நெருப்பு. பங்குனி, சித்திரை இரவுகளில் எங்கள் தெரு மொட்டை மாடியில் நின்றால் மலையில் சிவப்புக் கோடு தெரியும் நாட்கள் உண்டு. "மலை எரியுது" என்று சொல்லிவிட்டுப் பாயை உதறிப் படுத்துக்கொள்கிறோம். அணைக்காத பீடி, அடுப்புக்கு மூட்டிய தீ, புதுப்புல் வேண்டி வைத்த தீ என்று மனிதர் கை படாமல் பற்றுவது அபூர்வம். 2018 மார்ச் 11 அன்று எங்களுக்கு வடக்கே குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபது பேருக்கு மேல் உயிர்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு 40 மலைப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. தீக்காலத்தில் அவற்றை மூடுகிறார்கள். மூடுவது சரி என்றுதான் நான் சொல்வேன், எனக்கு அது இழப்பு என்றாலும். கொன்றை பூக்கிற மாதத்தில் மேலே போக முடியாது. அனுமதித்த அடிவாரத்தோடு நிற்க வேண்டும். அப்படி நின்று பார்க்க மிஞ்சிய ஓர் அடிவார ஓடையையும் இப்படிச் செய்துவிட்டால் எங்கே போவது? தீயில் மான் ஓடிவிடும், குருவி பறந்துவிடும். இலையின் அடியில் ஒட்டிய முட்டையும் கூட்டுப்புழுவும் எங்கே ஓடும்? எரிந்த இடத்தில் அடுத்து முளைப்பது பெரும்பாலும் உண்ணிச்செடி. வெள்ளைக்காரன் தோட்ட அழகுக்குக் கொண்டுவந்த செடி. அதன் பூவில் பட்டாம்பூச்சி உட்கார்ந்து தேன் குடிக்கும், படமும் அழகாக விழும். ஆனால் அந்தப் புதருக்கு அடியில் ஈஸ்வரமூலியும் வளராது, புல்லும் வளராது. பூவைப் பார்த்து மகிழ்ந்து போகிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

மலையை விடுங்கள், ஊருக்குள் என்ன வாழ்கிறது? பெரியாழ்வார் நந்தவனம் வைத்த ஊர் இது. மாலை கட்டிய பெண்ணை ஊரே தெய்வமாகக் கும்பிடுகிற ஊர். இன்றைக்கும் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை இலையும் பூவும் கொண்டு நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் கடையில் முழம் போட்டு விற்கிற பூவைத் தவிர வேறு பூவுக்குப் பெயர் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். என் பக்கத்து வீட்டில் பூசைக்கு அரளி வைத்திருக்கிறார்கள். அரளி இலையில் வரிவரியாக, முதுகில் கறுப்புக் கொம்புகளோடு ஒரு புழு வரும். அது வெண்புள்ளிக் கருப்பன் என்ற பட்டாம்பூச்சியின் புழு. சில நாள் தின்றுவிட்டு இலைக்கு அடியில் கூடாகத் தொங்கும். அந்தக் கூடு வெள்ளி பூசினாற்போல மின்னும். அதைப் பார்த்தவர்கள் நகை என்றே நினைப்பார்கள். செடிக்கு ஒன்றும் ஆகாது, நாலு இலை போகும், திரும்பத் துளிர்க்கும். ஆனால் புழு தெரிந்த அன்றைக்கே மருந்து வாங்கி வந்து அடித்துவிட்டார்கள். "மைனி, ஒரு வாரம் பொறுத்திருக்கலாமே" என்றேன். "புழுவ வீட்டுல வச்சுக்கிட்டு எப்படித் தூங்குறது?" என்றார்கள். அதே வீட்டுப் பேத்தி மறுநாள் பள்ளிக்கூடத்துக்காகப் பட்டாம்பூச்சிப் படம் வரைந்து, இறக்கைக்கு எந்த வண்ணம் தீட்டுவது என்று என்னிடம் கேட்க வந்தாள்.

நம் மாநிலத்துக்கென்று 2019-இல் ஒரு பட்டாம்பூச்சியை அறிவித்தார்கள், தமிழ் மறவன் என்று. இதே மலைத்தொடரில் வாழ்வதுதான். எங்கள் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், மாநில விலங்கைச் சொல்வார்கள், மரத்தைச் சொல்வார்கள். இது தெரியாது. தெரியாததற்கு அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. அடிவாரத்தில் புலிக்கும் யானைக்கும் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. ஓடையோரத்தில் இங்கே பட்டாம்பூச்சி இறங்கும், மிதிக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதி நான் கண்டதில்லை. அப்படி எழுதியிருந்தால் அந்த அக்கா நின்று படித்திருப்பார் என்றே நம்புகிறேன். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டியும் இருப்பார்.

பங்குனி உத்திரத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் வேன்கள் வரிசையாக வரப்போகின்றன. காட்டையே மூடிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வருகிறவர்கள் வரட்டும், கும்பிடட்டும், நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடட்டும். குட்டையோரத்து ஈர மணலைச் சுற்றி நாலு கம்பு நட்டு, ஒரு கயிற்றைக் கட்டி, இதற்குள் இறங்காதீர்கள் என்று எழுதித் தொங்கவிட ஓர் ஆளின் அரை நாள் வேலை போதும். பொறுப்பில் இருப்பவர்கள் சரி என்று ஒரு சொல் சொன்னால் கம்பும் கயிறும் நானே வாங்கித் தருகிறேன். பங்குனி முடிவதற்குள் சொல்லுங்கள்.