கொசு உள்ளானை மேயவிடுங்கள்



ஐப்பசிக் கடைசி ஞாயிறன்று மழை சற்று விட்டிருந்தது. பேரனைக் கூட்டிக்கொண்டு கோடியக்கரை போனேன். அங்கே எல்லோரும் தேடுவது பூநாரையை. அன்று அவை வெகுதொலைவில் வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தன. எனக்கென்னவோ கொசு உள்ளான் என்ற சின்னப் பறவைதான் பிடிக்கும். எடை ஏறக்குறைய 30 கிராம். ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு நம் உப்பளச் சேற்றைத் தேடி வருகிறது. கறுத்த அலகால் சேற்றில் இரண்டு குத்து, நாலு எட்டு ஓட்டம், மறுபடி குத்து. பேரன் பைனாகுலரைக் கீழே இறக்கவேயில்லை.

அப்போது இளைஞர்கள் இருவர் கைதட்டிக்கொண்டே ஓடினார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்தது. கைப்பேசியில் வீடியோ எடுத்தார்கள். இறங்கியதும் மீண்டும் விரட்டல். வீடியோ அழகாகத்தான் வந்திருக்கும். ஆனால் அந்தப் பறவைகள் இங்கே இரை தின்று உடம்பில் கொழுப்பு சேர்த்தால்தான் ஊர் திரும்ப முடியும்.

1967 முதல் கோடியக்கரை சரணாலயம். 2002இல் ராம்சார் ஈரநிலத் தலமும் ஆனது. நுழைவிடத்தில், ‘பறவைகளை விரட்டாதீர்’ என்று கண்ணில் படும்படி ஒரு பலகை வைக்க வனத்துறையை வேண்டுகிறேன்.

– வாசகர், திருத்துறைப்பூண்டி